காதொக்தோ புதிய விமான நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கொரியாவின் இரண்டாவது பெரிய நகரம் பூசான். அதன் தென்மேற்கு ஓரத்தில், நக்தோங் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே இருக்கும் தீவு காதொக்தோ. தீவின் தென்முனைக் குன்றை வெட்டி, பக்கத்துக் கடலை நிரப்பி, அங்கே ஒரு சர்வதேச விமான நிலையம் கட்டுவதுதான் திட்டம். இருபது ஆண்டு இழுபறியில் இது இருமுறை நிராகரிக்கப்பட்டது, பிறகு தனிச் சட்டத்தால் உயிர் பெற்றது. 2025-இல் கட்ட வந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அந்த ஆண்டின் இறுதியில் திறப்பு நாள் 2035-க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

பூசானுக்கு ஏற்கெனவே கிம்ஹே விமான நிலையம் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?

கிம்ஹே 1976 முதல் இயங்குகிறது. அது விமானப்படைத் தளமும்கூட. 2,743 மீட்டரிலும் 3,200 மீட்டரிலும் வடக்கு-தெற்காக இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. 2018-இல் சுமார் 1.7 கோடிப் பயணிகள் வந்துபோனார்கள். கூட்டம் ஒரு சிக்கல்தான். ஆனால் கூட்டத்தைக் கட்டடம் கட்டிச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதவை மூன்று.

முதலாவது, வடக்கே மலை. ஓடுபாதையின் நேர் வடக்கில் தொத்தேசான் குன்றும், அதற்குப் பின்னால் 630 மீட்டர் உயரமுள்ள சினோசான் மலையும் நிற்கின்றன. இரண்டாவது, இரவுத் தடை. இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை விமானங்கள் ஏறவோ இறங்கவோ கூடாது. சரக்கு விமானங்களுக்கு இரவுதான் வேலை நேரம் என்பதால், இப்பகுதித் தொழிற்சாலைகளின் விமானச் சரக்கு லாரியேறி, நாட்டின் மறுமுனையில் உள்ள இஞ்சோன் விமான நிலையத்துக்குப் போகிறது. மூன்றாவது, இராணுவத்தோடு நேரத்தைப் பங்குபோட வேண்டிய நிலை.

நீண்டதூர விமானங்களுக்காகப் பூசான் பலகாலமாக ஏங்குகிறது. ஹெல்சின்கியிலிருந்து நேரடிச் சேவை 2020 மார்ச்சில் தொடங்கும் என்று ஃபின்ஏர் அறிவித்திருந்தது. கொரோனாவால் அது தொடங்கவே இல்லை.

மலை இருந்தால் என்ன? உலகில் எத்தனையோ விமான நிலையங்கள் மலைக்கு நடுவே இருக்கின்றனவே?

காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்பதைப் பொறுத்தது. வடக்கிலிருந்து வீசினால் சிக்கலில்லை. விமானம் கடல் பக்கமாக, தெற்கிலிருந்து ஐ.எல்.எஸ். எனும் ரேடியோக் கருவியின் வழிகாட்டலில் நேராக வந்து இறங்கிவிடும். தெற்கிலிருந்து பலமாக வீசினால், காற்றை எதிர்கொள்ள வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்க வேண்டும். மலை நிற்பதால் வடக்கிலிருந்து நேராக வர வழியில்லை.

அதனால் விமானி முதலில் தெற்கிலிருந்தே வருகிறார். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்ததும் மேற்குப் பக்கம் விலகி, ஓடுபாதைக்கு இணையாக வடக்கே பறக்கிறார். அதன் முனையைத் தாண்டியதும் வலப்பக்கம் திரும்பி, மலைக்கும் ஓடுபாதைக்கும் இடையிலுள்ள குறுகிய வெளியில் வளைந்து தெற்கு நோக்கி இறங்குகிறார். கருவியின் துணை இல்லாமல், கண்ணால் பார்த்தே செய்யும் சுற்று இது. திரும்புவது சில நொடி தாமதமானாலும் விமானம் மலையை நோக்கிப் போய்விடும். நடுவில் மேகம் ஓடுபாதையை மறைத்தால் உடனே மேலேறிச் சுற்றைக் கைவிட வேண்டும்.

2002 ஏப்ரல் 15 அன்று நடந்தது அதுதான். பெய்ஜிங்கிலிருந்து வந்த ஏர் சைனா 129, போயிங் 767 விமானம், மழையும் மூடுபனியுமான காலையில் இந்தச் சுற்றைச் செய்தது. திரும்புவது தாமதமானது. ஓடுபாதை பார்வையிலிருந்து மறைந்த பிறகும் விமானம் மேலேறவில்லை. ஓடுபாதை முனையிலிருந்து 4.6 கிலோமீட்டர் வடக்கே, தொத்தேசான் சரிவில், கடல் மட்டத்திலிருந்து 204 மீட்டர் உயரத்தில் மோதியது. விமானத்தில் இருந்த 166 பேரில் 129 பேர் இறந்தார்கள். புதிய விமான நிலையத்துக்கான கோரிக்கை வேகம் பிடித்தது இந்தச் சாவுகளால்தான். அரசியல் லாபத்துக்காக எழுப்பிய கோரிக்கை என்று இதை ஒதுக்குகிறவர்கள் இந்தக் காரணத்தை மறக்கக் கூடாது.

கிம்ஹேவையே விரிவாக்கினால் போதாதா?

அதுவும் அரசின் முடிவாக இருந்தது. 2011 மார்ச்சில், புதிய விமான நிலையத்துக்குப் போட்டியிட்ட மிர்யாங் நகரம், காதொக்தோ ஆகிய இரண்டு இடங்களும் பொருளாதாரத் தகுதியில்லை என்று நிராகரிக்கப்பட்டன. 2016 ஜூனில் பிரான்சின் ஏ.டி.பி.ஐ. என்ற விமான நிலைய ஆலோசனை நிறுவனம் அந்த இரண்டையும் கிம்ஹே விரிவாக்கத்தையும் ஒப்பிட்டு, கிம்ஹேவில் 3,200 மீட்டரில் ஒரு சாய்வான புது ஓடுபாதை போடுவதே சிறந்தது என்றது. அந்த ஒப்பீட்டில் காதொக்தோவுக்குக் கடைசி இடம். 2020 நவம்பரில் பிரதமர் அலுவலகத்தின் சரிபார்ப்புக் குழு, கிம்ஹே விரிவாக்கத்தை அடிப்படையிலிருந்தே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அறிவித்தது. மலைத் தடைகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மூன்று மாதத்தில், 2021 பிப்ரவரி 26 அன்று, காதொக்தோ தனிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆதரவு 181, எதிர்ப்பு 33, நடுநிலை 15.

தனிச் சட்டத்தால் என்ன மாறியது?

கொரியாவில் பெரிய அரசுத் திட்டம் எதுவாக இருந்தாலும் முதலில் முன்-சாத்தியக்கூறு ஆய்வில் தேற வேண்டும். செலவையும் பயனையும் எடைபோட்டுப் பார்க்கும் கட்டம் அது. தனிச் சட்டம் அந்த ஆய்விலிருந்து விலக்கு அளிக்க வழி செய்தது. 2022-இல் வெளியான அரசின் சொந்த ஆய்வில் ஒவ்வொரு வோன் (கொரிய நாணயம்) செலவுக்கும் கிடைக்கும் பயன் 0.51 முதல் 0.58 வோன்தான் என்று வந்தது. வழக்கமான வழியில் போயிருந்தால் அந்த எண்ணோடு தேறுவது மிகக் கடினம்.

பாதுகாப்பையும் வட்டாரச் சமநிலையையும் இந்த எண் முழுமையாக அளக்காது என்பது உண்மை. ஆனால் ஆய்வைத் தாண்டிப் போனதில் இன்னொன்றையும் இழந்தார்கள். கடலடிக் களிமண்ணைப் பற்றிய கடினமான கேள்விகள் திறப்பு நாள் குறிப்பதற்கு முன்பே எழுந்திருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் வந்த பிறகுதான் எழுந்தன.

திட்டத்தின் அளவு என்ன?

2023 டிசம்பரில் வெளியான அடிப்படைத் திட்டப்படி: பரப்பு 66.69 லட்சம் சதுர மீட்டர், கிழக்கு-மேற்காக 3,500 மீட்டர் ஓடுபாதை ஒன்று, பயணிகள் முனையம் 2 லட்சம் சதுர மீட்டர், மொத்தச் செலவு சுமார் 13.49 லட்சம் கோடி வோன். 2065-இல் ஆண்டுக்குச் சுமார் 2.3 கோடி சர்வதேசப் பயணிகளும் 3.35 லட்சம் டன் சரக்கும் வரும் என்பது கணிப்பு. கிழக்கு-மேற்குத் திசைதான் இதன் பெரிய பலம். இரண்டு முனையிலும் விமானம் கடல்மேல் வருகிறது, கடல்மேல் போகிறது. எனவே இரவிலும் இயங்கலாம்.

கடலடிக் களிமண் ஏன் இவ்வளவு பெரிய பிரச்சினை?

நக்தோங் ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த மென்களிமண் இங்கே கடலடியில் கனமாகக் கிடக்கிறது. களிமண்ணின் துகள்களுக்கு இடையே நிறைய நீர் இருக்கும். மேலே பாறையும் மண்ணும் கொட்டினால், பாரத்தை முதலில் தாங்குவது அந்த நீர். அது மெல்ல மெல்ல வெளியேறினால்தான் துகள்கள் நெருங்கி மண் இறுகும். நீர் வெளியேறும் வரை தரை இறங்கிக்கொண்டே இருக்கும். நீர் வெளியேறுமுன் அதிகமாகக் கொட்டிவிட்டால் களிமண் பக்கவாட்டில் பிதுங்கி, மேலே உள்ள சுவர் வழுக்கிச் சரியும்.

இதற்கு ஆகும் காலம், நீர் வெளியேறக் கடக்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 20 மீட்டர் தடிமனான களிமண் படலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலும் கீழும் மணல் இருந்தால், நடுவிலுள்ள நீர் 10 மீட்டர் கடக்க வேண்டும். 1.5 மீட்டருக்கு ஒன்றாகச் செங்குத்து வடிகால்களை இறக்கினால் அந்தத் தூரம் சுமார் 0.75 மீட்டராகச் சுருங்கும். கணக்குப்படி காலம் நூறு மடங்குக்கும் மேல் குறைய வேண்டும். களத்தில் அவ்வளவு கிடைப்பதில்லை. வடிகாலை இறக்கும் இரும்புக் குழல் சுற்றியுள்ள களிமண்ணைக் கலக்கிவிடுவதால் அங்கே நீரோட்டம் மந்தமாகும். ஆழத்தில் மண் இறங்க இறங்க வடிகால் பட்டையும் மடங்கி நெளியும்.

இப்போது பரவலாகப் பயன்படுவது பிளாஸ்டிக் பட்டை வடிகால். சுமார் 10 சென்டிமீட்டர் அகலம், சில மில்லிமீட்டர் தடிமன். நடுவே நீர் ஓட வரிப்பள்ளங்கள், சுற்றிலும் வடிகட்டித் துணி. கடற்சுவருக்கு அடியில் மட்டும் இது போதாது. அங்கே மண் இறுகும் வரை காத்திருக்க முடியாது, உடனே பலம் வேண்டும். எனவே சுழலும் தகடுகளைக் களிமண்ணுக்குள் இறக்கி, சிமெண்ட் குழம்பை அதனுடன் கலந்து, அங்கேயே தூண்களாக இறுகவைப்பார்கள். இதில் அதிகம் தவறுவது கலவை சீராக இல்லாமல் போவதுதான். தூணிலிருந்து மாதிரித் துண்டு துளைத்தெடுத்து, பலம் சோதித்த பிறகே மேலே பாரம் ஏற்ற வேண்டும். இதைச் சுருக்கினால் பின்னால் சுவரே போகும்.

இந்தக் களிமண் கொரியப் பொறியாளர்களுக்குப் புதியதல்ல. காதொக்தோவிலிருந்து கொஜே தீவுக்குப் போகும் கடற்பாதை 2010 டிசம்பரில் திறந்தது. அதன் கடலடிச் சுரங்கம் 180 மீட்டர் நீளமுள்ள 18 கான்கிரீட் பெட்டிகளை மென்களிமண் மீது அடுக்கி இணைத்தது. அனுபவம் இருக்கிறது. அந்த அனுபவம் கேட்கும் காலத்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஓடுபாதையின் ஒரு பகுதி பாறைமேலும் ஒரு பகுதி கடல்மேலும் வருகிறதாமே, அது சரியா?

திட்டத்தின் மிக நுட்பமான இடம் இது. 2022-இல் முழுவதையும் கடல்மேல் வைக்கத்தான் யோசித்தார்கள். எல்லா இடமும் இறங்கினால் பரவாயில்லை, ஒரு பகுதி மட்டும் இறங்கினால்தான் ஆபத்து என்பது அதன் தர்க்கம். அந்தத் திட்டத்தில் திறப்பு 2035. பூசான் அப்போது 2030 உலகக் கண்காட்சியை நடத்தப் போட்டியிட்டுக்கொண்டிருந்தது. 2023 மார்ச்சில், திறப்பை 2029 டிசம்பருக்கு முன்கொண்டுவர, தரையும் கடலும் கலந்த அமைப்புக்கு மாறினார்கள். நிரப்ப வேண்டிய அளவு குறைந்தது, காலமும் குறைந்தது. அதே ஆண்டு நவம்பரில் கண்காட்சி ரியாத்துக்குப் போனது. 2029 என்ற தேதி மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

பாறை இறங்காது, களிமண் இறங்கும். இரண்டும் சேரும் கோட்டில் ஓடுபாதையில் மடிப்பு விழும். முதன்மை ஓடுபாதைகளில் சரிவு மாறும் வேகம் 30 மீட்டருக்கு 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வரம்பு. 30 மீட்டர் நீளத்தில் 3 சென்டிமீட்டர், அவ்வளவுதான் இடம். வரம்புக்குள் வரும் என்பது போக்குவரத்து அமைச்சகத்தின் நிலை. செய்ய முடியாத காரியமல்ல. சேரும் இடத்தில் பாறையைப் படிப்படியாகச் சரித்து வெட்ட வேண்டும். களிமண் பக்கம் வடிகால்களை நெருக்கி இறக்க வேண்டும். கூடுதல் மண் ஏற்றி நீண்ட நாள் அழுத்தி வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் மாதங்களை விழுங்கும் வேலை.

எந்த வரிசையில் கட்டுவார்கள்?

முதலில் துளையிட்டு மண் சோதனை. பிறகு சேறு பரவாமலிருக்கக் கடலில் வண்டல் தடுப்புத் திரை. அடுத்து கடற்சுவருக்கும் அலைத்தடுப்புக்கும் அடியிலுள்ள மண்ணைப் பலப்படுத்துவார்கள். சுவர் எழும்பி உள்ளே நீர் அமைதியானதும் வடிகால்கள். பிறகு குன்றை வெடிவைத்துத் தகர்த்த பாறையால் நிரப்புதல். அதற்கு மேல், கடைசியில் தங்கப்போகும் உயரத்தைவிட அதிகமாக மண் குவித்து அழுத்தம். இறக்கத்தை அளக்கும் தட்டுகள் தரும் எண்களைத் தொடர்ந்து வரைந்து, இனி எவ்வளவு இறங்கும் என்று கணிப்பார்கள். மீதி இறக்கம் வரம்புக்குள் வந்த பிறகே கூடுதல் மண்ணை அகற்றித் தளம் போட முடியும்.

அலைத்தடுப்பு முந்த வேண்டும் என்பது முக்கியம். தீவின் தென்பக்கம் திறந்த கடல். 2003 செப்டம்பரில் மேமி சூறாவளி பூசான் துறைமுகத்தின் ராட்சதக் கிரேன்களையே சாய்த்தது. சுவர் முடியாமல் நிரப்பத் தொடங்கி, நடுவே சூறாவளி வந்தால், ஒரு பருவத்தின் உழைப்பு கடலோடு போகும்.

84 மாதம், 108 மாதம், 106 மாதம்: இந்தச் சண்டை எதைப் பற்றியது?

கடலை நிரப்பித் தளம் அமைக்கும் நிலத்தளப் பணிக்கு அரசு வைத்த மதிப்பு சுமார் 10.53 லட்சம் கோடி வோன். 2024-இல் நான்கு முறை டெண்டர் போனது. போட்டி அமையவே இல்லை. கடைசியில் தனியாக வந்த ஹியூண்டாய் கட்டுமான நிறுவனம் தலைமையிலான கூட்டணியுடன் நேரடிப் பேச்சு தொடங்கியது. அரசின் நிபந்தனை 84 மாதம். 2025 ஏப்ரலில் நிறுவனம் கொடுத்த வடிவமைப்பில் 108 மாதம் என்றிருந்தது. கூடுதல் 24 மாதத்தில் 17 மாதம் மென்களிமண்ணை நிலைப்படுத்த, 7 மாதம் வேலை வரிசையை மாற்ற. அரசு ஏற்கவில்லை. மே 30 அன்று நிறுவனம் விலகுவதாக அறிவித்தது.

2025 நவம்பரில் அமைச்சகமே புதிய அட்டவணை வெளியிட்டது: 106 மாதம், சுமார் 10.7 லட்சம் கோடி வோன், திறப்பு 2035. மறுத்த எண்ணுக்கு இரண்டு மாதம் குறைவாக வந்து நின்றார்கள். திறப்பும் 2022 ஆய்வு சொன்ன அதே ஆண்டுக்கே திரும்பியது. இடையில் போன காலத்தை மண் சோதனைக்குக் கொடுத்திருந்தால் இன்று கையில் உருப்படியான தரவு இருந்திருக்கும்.

ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் போல அமிழ்ந்துவிடாதா?

கன்சாய் 1994-இல், சுமார் 18 மீட்டர் ஆழக் கடலில் கட்டிய செயற்கைத் தீவில் திறந்தது. அதன் முதல் தீவு கட்டத் தொடங்கியதிலிருந்து 13 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. மேல் படலத்தில் மணல் வடிகால்கள் இறக்கினார்கள், அது சீக்கிரம் இறுகியது. அதற்கும் கீழே நூற்றுக்கணக்கான மீட்டருக்குப் போகும் பழைய களிமண்ணை எந்த வடிகாலும் எட்டவில்லை. முனையக் கட்டடத்தின் தூண்களை ஜாக்கி வைத்துத் தூக்கித் தகடு செருகிச் சமப்படுத்துகிறார்கள்.

காதொக்தோவில் களிமண்ணுக்குக் கீழே உறுதியான தரை ஒப்பீட்டளவில் மேலேயே கிடைப்பதால், அவ்வளவு இறக்கம் எதிர்பார்க்கப்படவில்லை. கன்சாயிடமிருந்து கற்க வேண்டியது சுவரின் உயரம். 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி சூறாவளியில் கடல்நீர் சுவரைத் தாண்டி ஓடுபாதையை மூழ்கடித்தது. இழுபட்டு வந்த எண்ணெய்க் கப்பலொன்று தீவைக் கரையோடு இணைக்கும் பாலத்தில் மோத, ஆயிரக்கணக்கானோர் தீவிலேயே சிக்கினார்கள். கரைக்கு ஒரே வழி மட்டும் வைக்கக் கூடாது.

பறவைகள்? மூவானில் நடந்தது இங்கேயும் நடக்குமா?

2024 டிசம்பர் 29 அன்று கொரியாவின் தென்மேற்கிலுள்ள மூவான் விமான நிலையத்தில் ஜேஜு ஏர் விமானம் இறங்கும் வழியில் வாத்துக் கூட்டத்தில் மோதியது. பிறகு சக்கரம் இறங்காமல் தரையில் சறுக்கி, ஓடுபாதை முனைக்கு அப்பால் ஆன்டெனாவைத் தாங்கிய கான்கிரீட் மேட்டில் மோதி வெடித்தது. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். இரண்டு பாடங்கள் அதில் உண்டு.

மேடு பற்றியது எளிது. ஓடுபாதை முனைக்கு அப்பால் நிற்கும் எதுவும் மோதினால் நொறுங்கிவிடும்படி இருக்க வேண்டும். கிம்ஹே உட்பட ஏழு விமான நிலையங்களில் திருத்த வேண்டிய இத்தகைய அமைப்புகள் கண்டறியப்பட்டன. புதிதாகக் கட்டும் இடத்தில் இதைத் தவறவிடச் சாக்கே கிடையாது.

பறவை பற்றியது கடினம். நக்தோங் முகத்துவாரத்தின் உல்சுக்தோ பகுதி 1966 முதல் இயற்கை நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படும் வலசைப் பறவைகளின் இடம். காதொக்தோ அதன் வாசலில் இருக்கிறது. ரேடாரும் வெப்பப் படக் கருவியும் இரவும் பகலும் ஆளும் வேண்டும். பருவத்துக்குப் பருவம் எந்தப் பறவை எந்த உயரத்தில் பறக்கிறது என்ற பதிவு, திறப்புக்குச் சில ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டும். நீதிமன்றங்களும் இதைப் பார்க்கத் தொடங்கிவிட்டன. 2025 செப்டம்பர் 11 அன்று சியோல் நிர்வாக நீதிமன்றம், பறவை மோதல் அபாயத்தைச் சரியாக எடைபோடவில்லை என்பதையும் காரணமாகச் சொல்லி, மேற்குக் கடற்கரையில் கட்டத் திட்டமிட்ட செமான்கும் விமான நிலையத்தின் அடிப்படைத் திட்டத்தை ரத்து செய்தது.

தீவில் இருப்பவர்கள் என்ன ஆவார்கள்?

தேஹாங், வேயாங்போ கிராமங்கள் திட்டப் பரப்பில் வருகின்றன. தேஹாங்கில் வசந்த காலத்தில் மடவை மீன் பிடிக்கும் முறை தலைமுறைகளாகத் தொடர்கிறது. குன்றின்மேல் ஒருவர் அமர்ந்து நீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மீன் கூட்டம் வரும்போது நீரின் நிறம் மாறும். அந்த நொடியில் அவர் குரல் கொடுத்தால்தான் வலை உயரும். முன்பு ஆறு படகுகள் சூழ்ந்து கையால் இழுத்தார்கள், இப்போது எந்திரம் இழுக்கிறது. அந்த அனுபவத்தை வேறு கடற்கரைக்கு எடுத்துப்போக முடியாது. வேயாங்போவில் ஜப்பானிய இராணுவத் தளத்தின் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன.

இழப்பீட்டு நடைமுறையில், திட்டத்தை நடத்துபவர், மாநகர நிர்வாகம், நில உரிமையாளர்கள் ஆகிய மூன்று தரப்பும் பரிந்துரைக்கும் மதிப்பீட்டாளர்களின் சராசரியே விலை. உரிமையாளர்கள் தங்கள் தரப்பு மதிப்பீட்டாளரைப் பரிந்துரைக்கும் கெடுவைத் தவறவிடக் கூடாது. பேச்சு முறிந்தால் நில எடுப்பு ஆணையம் தீர்ப்பு சொல்லும். அதை ஏற்காதவர் 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம், அல்லது 90 நாளுக்குள் வழக்குப் போடலாம். மீன்பிடி உரிமை இதில் சேராது. அதற்குத் தனி ஆய்வு நடந்து தனியாகக் கணக்கிடப்படும்.

அங்கே எப்படிப் போவது?

9.3 கிலோமீட்டர் சாலை, சுமார் 16.5 கிலோமீட்டர் ரயில் பாதை. இரண்டும் தனிப் பணிகள். பூசான் புதிய துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால், கப்பலில் வரும் சரக்கை விமானத்துக்கு மாற்றும் வாய்ப்பு உண்டு.

கட்டி முடித்துக் காலியாகக் கிடந்தால்?

நியாயமான பயம். கிழக்குக் கடற்கரையின் யாங்யாங் விமான நிலையம் 2002-இல் திறந்து, பல காலம் பயணிகள் இல்லாமல் கிடந்தது. உல்ஜினில் கட்டிய விமான நிலையம் விமானிப் பயிற்சி மையமாக மாறியது. ஆனால் அவற்றைப் பயணிக்க ஆள் இல்லாத இடத்தில் கட்டினார்கள். பூசான் வட்டாரத்தில் பயணிகள் ஏற்கெனவே கிம்ஹேவில் வரிசையில் நிற்கிறார்கள். பயணிகள் வருவார்கள் என்றே எண்ணுகிறோம். நீண்டதூர விமானங்களும் சரக்கும் இஞ்சோனை விட்டு வருமா என்பதுதான் கேள்வி. ஒரே ஓடுபாதை பராமரிப்புக்கு மூடப்படும் நேரங்களில் இரவுச் சேவை எவ்வளவு நிலையாக இருக்கும் என்பதைப் பார்த்தே சரக்கு நிறுவனங்கள் முடிவெடுக்கும்.

கிம்ஹே மூடப்படுமா?

இல்லை. சர்வதேச விமானங்கள் காதொக்தோவுக்குப் போகும், உள்நாட்டு விமானங்கள் கிம்ஹேவில் தொடரும். இதனால் உள்நாட்டு விமானத்தில் வந்து வெளிநாட்டுக்கு மாறுபவர்கள் நகரைக் கடந்து போக வேண்டியிருக்கும். தெற்குக் காற்று வீசும் நாட்களில் உள்நாட்டு விமானங்கள் இறங்கும் முறையும் இப்போது உள்ளபடியேதான். 2035 வரை சர்வதேச விமானங்களுக்கும் அதே சுற்றுதான். ஆகவே கிம்ஹேவுக்கான விமானிப் பயிற்சியும் கருவி வழிகாட்டலை மேம்படுத்தும் வேலையும் புதிய விமான நிலையத்தைக் காரணம் காட்டித் தள்ளிப்போடக் கூடாதவை.